வருஷக்காரம்மா

“ஏய், ராத்திரியில உனக்கு என்ன வெயிலு?” என்று கணினித் திரையைப் பார்த்து அதட்டுகிறார் அந்த அம்மாள். மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிவரை இறங்கியிருக்கிறது. திரையில் ஒரு மஞ்சள் கோடு. சாயங்காலம் தரையோடு படுத்தால் விடியும்வரை எழுந்திருக்கக் கூடாத கோடு அது. இப்போதோ நடுநிசியில் அரை விரல் உயரத்துக்குத் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஊருக்கு வெளியே உள்ள ஒரு வானிலை நிலையத்தில் வெயிலை அளக்கும் கருவி அனுப்பிய கணக்கு. இருட்டிலும் ஒரு துளி வெயில் அடித்ததாக அந்தக் கருவி சாதிக்கிறது.

போனை எடுக்கிறார். அந்த நிலையத்தின் காவலாளியை அவர் நேரில் பார்த்ததே இல்லை. குரல் பழக்கம் மட்டும்தான். “ஐயா, நல்லா இருக்கீங்களா? முட்டி வலி எப்படி? சரி, ஒண்ணு கேக்கணும். போன மாசம் அங்க புதுசா லைட்டு ஏதாவது போட்டாங்களா?” பாம்பு வருகிறதென்று வேலியோரம் ஒரு விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்களாம். “அதானே பார்த்தேன்! அந்த லைட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்க. இங்க நான் சூரியனோட சண்டை போட்டுட்டு இருக்கேன்.” போனை வைத்துவிட்டு, அந்த மாதத்தின் இரவுகளை ஒவ்வொன்றாக இருட்டாக்குகிறார்.

இரண்டாம் மாடியில் ஒரு சிறிய அலுவலகம். கீழே கண்ணாடி அறுக்கும் பட்டறை; மேசையில் வைத்த தண்ணீர்கூட அந்தச் சத்தத்துக்குச் சிலிர்த்துக்கொள்ளும். இங்கே, ஒரு கட்டிடத்தை மண்ணில் கட்டுவதற்கு முன் கணினிக்குள் கட்டி, அதை ஒரு வருஷம் வாழவைத்துப் பார்ப்பார்கள். எந்த அறை வேகும், எந்த அறைக்குக் காற்று வரும், மொத்தத்தில் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான். அப்படி வாழவைக்க அதற்கு ஒரு வருஷத்தின் வானிலை வேண்டும். வெயில், காற்று, ஈரம் எல்லாம் மணிக்கு மணி வேண்டும். எந்த வருஷத்தைக் கொடுப்பது? போன வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. அதற்கு முந்தின வருஷம் காய்ந்து கருகியது. ஆகவே இருபது சொச்சம் வருஷங்களை விரித்துவைத்து, ஜனவரிகளில் மிகச் சாதாரணமான ஜனவரி எதுவோ அதை ஒரு வருஷத்திலிருந்தும், பிப்ரவரிகளில் சாதாரணமானதை வேறொரு வருஷத்திலிருந்தும் எடுத்து, இப்படிப் பன்னிரண்டையும் கோத்து, என்றைக்குமே நடக்காத ஒரு வருஷத்தைச் செய்கிறார்கள். அதற்கு மாதிரி ஆண்டு என்று பெயர். இந்த ஊருக்கு அதைச் செய்பவர் இவர். டீ கொண்டுவருகிறவர் இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து இவருக்கு வருஷக்காரம்மா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

“மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதாங்க இது,” என்று விளக்குகிறார். “ரொம்ப நல்லவனும் வேண்டாம், ரொம்பக் கெட்டவனும் வேண்டாம். தெருவுல பாதிப் பேர் எப்படியோ அப்படி ஒருத்தன் போதும். அவன் கிடைக்கிறதுதான் கஷ்டம்.”

“உங்களுக்குக் கிடைச்சாரா?” என்று, அவரைப் பற்றி எழுத வந்திருந்த நான் கேட்டேன்.

“எனக்குக் கிடைக்காமலா? எங்க வீட்டுக்காரரை நீங்க பார்த்ததில்லையே! கோபம் வந்தாக்கூட அளவாத்தான் வரும்.” அச்சகத்தில் பிழை திருத்துகிற அந்தக் கணவரை ஒருநாள் பார்த்தேன். குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அம்மாள் கேட்ட முதல் கேள்வி: “எப்படி? நான் பொறுக்கினது சரிதானே?”

வானிலையோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறவரிடம் மழை வருமா என்று அக்கம்பக்கத்தார் கேட்காமல் இருப்பார்களா? துணி காயப்போடலாமா, மாடியில் வற்றல் பரப்பலாமா என்று எதிர்வீட்டுப் பெண் கேட்பாள். “போனது கேளு, சொல்றேன். வர்றது எனக்குத் தெரியாதும்மா,” என்பார். குடை எடுக்காமல் வந்து மாதத்துக்கு இரண்டு முறையாவது நனைகிறார். ஆனால் அலுவலகத்தில் யாருக்காவது கல்யாண நாள் என்றால், வாழ்த்துச் சொல்கிற கையோடு, “உங்க கல்யாணத்தன்னைக்குக் காலையில நல்ல மூடாப்பு, மத்தியானம் காத்தே இல்லை. மாப்பிள்ளை கோட்டுக்குள்ள வெந்திருப்பாரே!” என்று சேர்த்துக்கொள்வார். சொன்னது பிசகாது.

பள்ளிப்படிப்போடு வேலைக்கு வந்தவர். வானிலைக் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் கூடத்தில், வரிசையாக உட்கார்ந்து எண்களைத் தட்டிய பெண்களில் ஒருவர். மற்றவர்கள் எண்ணைத் தட்டினார்கள். இவர் எண்ணைத் தட்டிக்கொண்டே அதற்கு முந்தின எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டார். உச்சிவெயில் நேரத்தில் சூடு திடீரென்று இறங்கினால், அங்கே மழை பெய்ததா, கருவியில் காக்கை உட்கார்ந்ததா என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டார், இல்லாவிட்டால் அடுத்த எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். புள்ளியியலைப் பின்னால் படித்தார். அதில் பாதி தனக்கு ஏற்கெனவே வேறு பெயரில் தெரிந்திருந்தது என்று சொல்லிச் சிரிக்கிறார்.

பொய் எண்களை அவர் ஆள்களைப்போல் நடத்துகிறார். இரண்டு நாளாக ஒரே சூட்டைச் சொல்லும் கருவி “செத்துட்டான்.” காலையிலேயே நூறு சதவீத ஈரம் காட்டுவது “அழுமூஞ்சி.” காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் வடக்கு என்றே சொல்வது “எங்க மாமியார்.” விட்டுப்போன மணிநேரங்களைப் பக்கத்து மணிநேரங்களைப் பார்த்து நிரப்புவார், ஒரு நாள் முழுதும் விட்டுப்போயிருந்தால் தொடமாட்டார். “ஓட்டை சின்னதா இருந்தா தைக்கலாம். துணியே இல்லைன்னா என்னத்தைத் தைக்கிறது?”

எல்லாவற்றையும்விட அவர் நேரம் எடுத்துக்கொள்வது, மாதமும் மாதமும் சேரும் இடத்தில்தான். ஜனவரி கடைசி இரவு ஒரு வருஷத்தில். பிப்ரவரி முதல் காலை பதினோரு வருஷம் தள்ளி. அங்கே சூடு சட்டென்று எகிறினால் கணினிக்குள் இருக்கும் கட்டிடம் திடுக்கிட்டுப்போகும். ஆகவே இந்தப் பக்கம் சில மணிநேரத்தையும் அந்தப் பக்கம் சில மணிநேரத்தையும் மெல்ல இழைத்து ஒன்றாக்குவார். “ஆளு இந்த வருஷத்துல தூங்கி அந்த வருஷத்துல முழிக்கணும். ஆனா முழிப்புத் தட்டக் கூடாது.”

இவ்வளவு சாதுவான வேலையில் என்ன நெருக்கடி வந்துவிடப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

இவருக்கு ஒரு அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ஒரு வீட்டின் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் தனியாக இருந்தார். சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதத்தின் பின்பாதியில், ஒரு வாரத்துக்கும் மேலாக வெயில் இறங்காமல் நின்றபோது, குளியலறையில் நினைவு தப்பிக் கிடந்தார். குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று கீழ்வீட்டுக்காரர் ஏறிப் பார்த்ததால் பிழைத்தார். அன்று மத்தியானம் ஊரில் காற்று எவ்வளவு சுட்டது என்பது தங்கைக்கு மணிவாரியாகத் தெரியும். அந்த அறைக்குள் எவ்வளவு சுட்டது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அண்ணன் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிட்டார். தங்கை வீட்டுக்குக் கூப்பிட்டதற்கு, “உன் புருஷன் சீட்டாட மாட்டான். எனக்குச் சரிப்படாது,” என்று சொல்லிவிட்டார்.

அந்த இல்லம் இப்போது புதிதாக ஒரு கட்டிடம் கட்டுகிறது. சுவர்கள் எழும்பிய பிறகு, கணக்குப் போடும் வேலை இந்த அலுவலகத்துக்கே வந்தது. இல்லம் நன்கொடையில் நடப்பது. ஆகவே அதன் கமிட்டியார் ஒரு விதி வைத்திருந்தார்கள். மாதிரி ஆண்டில் மேல்மாடி அறைகள் வரம்பைத் தாண்டிச் சூடாகும் நேரம் அதிகமாக இருந்தால் மட்டுமே அங்கே குளிர்சாதனம். இல்லையென்றால் மின்விசிறி போதும். பொறியாளர் ஓட்டிப் பார்த்தார். மேல்மாடி மயிரிழையில் தேறிவிட்டது. தேறியதால் குளிர்சாதன மெஷின் கிடையாது.

பொறியாளர் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நல்ல மனசு, பொறுமை கொஞ்சம் குறைவு. நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து வருஷக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அக்கா, அந்த மே மாசம் எங்க? உங்க அண்ணன் விழுந்த மே மாசம்?”

“வெளிய போயிடுச்சு.”

“எப்படிப் போச்சு? மார்க்குல அதுதானே முதல்ல வந்தது?”

அது உண்மை. அந்த மாதத்தின் முன்பாதி மழையும் மேகமும், பின்பாதி நெருப்பு. இரண்டையும் சேர்த்து அளந்தால், நீண்ட கால மே மாதத்துக்கு மிக நெருக்கமாக நின்றது அதுதான். ஆனால் தேர்வில் கடைசியாக ஒரு படி உண்டு. வெயில் நாள்கள் விடாமல் தொடர்ந்து வரும் மாதத்தை விலக்கிவிட வேண்டும். மாதிரி ஆண்டு சாதாரணமாக இருக்க வேண்டும் அல்லவா? அந்தப் படியில் அது வெளியேறி, அதன் இடத்தில் ஒரு பரம சாதுவான மே வந்து உட்கார்ந்தது.

“அந்தக் கடைசிப் படியை விட்டுடுங்கக்கா. அதைச் செய்யாதவங்களும் இருக்காங்க. யாரும் உங்களைத் தப்புச் சொல்ல முடியாது. முதல்ல வந்தவனை உள்ள விடுங்க. மேல்மாடி தேறாது, மெஷின் வந்துடும், உங்க அண்ணன் நிம்மதியாத் தூங்குவார். கதை முடிஞ்சுது.”

“மத்தப் பதினோரு மாசத்துக்கும் அந்தப் படி உண்டே?”

“அதுக்கென்ன?”

“பதினோரு மாசத்துக்கு ஒரு சட்டம், எங்க அண்ணனுக்கு ஒரு சட்டமா? இந்த வருஷத்தை வச்சுத்தான், தம்பி, ஊர்ல பள்ளிக்கூடம் கட்டுறான், கடை கட்டுறான், ஆஸ்பத்திரி கட்டுறான். எல்லார் தலையிலயும் நான் வெயிலை ஏத்தவா?”

பொறியாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “நீங்க ஏத்தலக்கா. அது ஏற்கெனவே அடிச்ச வெயில்.”

அந்த வாக்கியம் வருஷக்காரம்மாவைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. அந்த வாரம் முழுவதும் அவர் செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த சாது மே மாதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, மணிக்கு மணி குறை தேடினார். ஒரு கருவி செத்திருந்தால் போதும், ஒரு இரவில் வெயில் அடித்திருந்தால் போதும், நியாயமாகவே அதை வெளியே தள்ளலாம். காவலாளிக்குப் போன் போட்டார். கருவியை மாற்றினீர்களா, மரம் வெட்டினீர்களா, பக்கத்தில் தார் ஊற்றினீர்களா என்று கேட்டார். ஒன்றுமில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வீசாத குறையாக வைத்தார். “இவ்வளவு ஒழுக்கமான மாசத்தை என் வாழ்க்கையில பார்த்ததில்லை. சனியன்!”

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போனார். என்னையும் வரச் சொன்னார். அண்ணன் தோளில் துண்டோடு சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தார்.

“என்னடி, உன் கம்ப்யூட்டர்ல வெயில் அடிச்சா எனக்கு இங்க ஏன் வேர்க்குது?”

“உனக்குத் தோத்தா வேர்க்கும். எனக்குத் தெரியாதா?”

“புதுக் கட்டிடத்துல மேல்மாடி மூலை ரூம் கேட்டிருக்கேன். நேத்துப் போய்ப் பார்த்தேன். ஜன்னல்ல நின்னா டிப்போ தெரியுது! எந்த வண்டி எப்பக் கிளம்புது, எவன் ஏமாத்துறான், எல்லாம் உட்கார்ந்த எடத்துல இருந்தே பார்க்கலாம்.”

“மேல சூடா இருக்கும்ணே.”

“எஞ்சின் மேலேயே காலம் பூரா உட்கார்ந்தவன்டி நான்.”

“எஞ்சினை ராத்திரியில அணைச்சுட்டு வீட்டுக்கு வந்தே. மொட்டைமாடியை யாரு அணைக்கிறது?”

அண்ணன் சீட்டைக் கீழே வைத்தார். “உன் மே மாசம் என்ன சொல்லுது?”

“சாதாரணமா இருக்கும்னு சொல்லுது.”

“நான் சாதாரணமாத்தான் இருப்பேன். அது இருக்குமா?”

தங்கை, “மேனேஜர் உனக்கு மட்டும் கீழ ஒரு ரூம் தரேங்கிறார்,” என்றார்.

“அப்ப மூலை ரூமுக்கு யாரு போவா? அடுத்து நிக்கிறவர் தையல்காரர். அந்த மனுஷனுக்கு இப்பவே மூச்சு வாங்குது. அவரை மேல ஏத்திட்டு நான் கீழ உட்கார்ந்து சீட்டாடவா? போடி, போ. போய் உன் வேலையைப் பாரு.”

அவர் போய்த் தன் வேலையைப் பார்த்தார். மாதிரி ஆண்டைத் தொடவில்லை. விலக்கிய அந்த மே மாதத்தை மட்டும், அது நடந்தபடியே, ஒட்டும் தையலும் இல்லாமல் தனியாக எடுத்தார். கட்டிடங்கள் பற்றிய கூட்டங்களுக்கு ஒருநாளும் போகாதவர், கமிட்டிக் கூட்டத்துக்குப் பொறியாளரோடு கிளம்பினார். பின்வரிசையில் ஒரு நாற்காலி எனக்கும் கிடைத்தது.

கமிட்டியின் தலைவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். பேசும்போது, மாத்திரை எண்ணுகிறவரைப்போல் விரலால் மேசையில் எதையோ ஒதுக்கிக்கொண்டே இருப்பார். “மாதிரி ஆண்டுல தேறிடுச்சுன்னு உங்க ஆபீஸ்தானே எழுதிக் குடுத்துச்சு? அப்புறம் எதுக்கும்மா இன்னொண்ணு?”

“தேறினது நிஜம்தான் சார். ஆனா அந்த வருஷம் கரண்டு செலவு பார்க்கிறதுக்குச் செஞ்சது. கொடுமை எதுவும் வராமப் பார்த்துப் பொறுக்கினது. நான்தான் பொறுக்கினேன். வயசானவங்க படுக்கிற எடத்துக்கு அது மட்டும் போதாது. மோசமான மாசம் ஒண்ணு வந்தா அந்த ரூம் என்ன ஆகும்னும் பார்க்கணும். இது நடந்த மாசம். ஒரு மணி நேரத்தைக்கூட நான் மாத்தலை.”

பொருளாளர் அம்மாள் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “உங்க அண்ணன் நம்ம இல்லத்துலதானே இருக்கார்?”

“ஆமா. மேல்மாடி மூலை ரூம் கேட்டிருக்கார். அதையும் மனசுல வச்சுக்குங்க. நான் சொல்றதைச் சந்தேகப்பட்டே பாருங்க.”

பொறியாளர் அந்த மே மாதத்தைக் கட்டிடத்துக்குக் கொடுத்து ஓட்டினார். படம் வந்தது. மூலை அறையின் சூட்டைக் காட்டும் சிவப்புக் கோடு மாதத்தின் பாதிவரை அடங்கிக் கிடந்து, பிறகு மலைபோல் எழுந்து படத்தின் கூரையைப் போய் முட்டியது. பொருளாளர் அம்மாள், “அய்யய்யோ!” என்றார். தலைவரின் விரல் நின்றுவிட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

“போதும்மா. மேல்மாடிக்கு மெஷின் வச்சிடலாம். தீர்மானத்தை எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.”

“ஒரு நிமிஷம் சார்.”

மேசைக்கு அடியில் பொறியாளர் அவர் காலை மிதித்ததை நான் பார்த்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

“தம்பி, ரெண்டு படமும் ஒரே அளவுல இல்லை.”

“அக்கா, வேண்டாம். இப்ப எதுக்கு…” என்று பொறியாளர் பல்லிடுக்கில் முனகினார்.

மாதிரி ஆண்டை வைத்து முன்பு கொடுத்திருந்த முதல் படத்தின் உயரம் பூஜ்யத்தில் தொடங்கியது. இந்தப் படத்துக்குக் கணினி தானாகவே ஓர் அளவை வைத்துக்கொண்டு, இருந்த சில டிகிரிகளை மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பரப்பியிருந்தது. அவர் எழுந்து, பொறியாளரின் தோளுக்கு மேலே கையை நீட்டி, ஓரத்திலிருந்த இரண்டு எண்களை மாற்றினார். மலை சரிந்து ஒரு மேடாயிற்று. மேடு வரம்புக் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே கிடந்தது. பகலென்றும் இரவென்றும் இல்லாமல், ஒரு வாரத்துக்கு மேல், கீழே இறங்காமல் கிடந்தது.

அவர் திரையைத் தலைவர் பக்கம் திருப்பினார். “இப்பப் பாருங்க சார். பார்த்துட்டு முடிவு பண்ணுங்க,” என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.